நாகர்கோவிலிலிருந்து மெரினா வான் சாகசத்துக்குப் பஸ் பயணம்: பஸ்ஸில் குறையில்லை, மணலில்தான் குறை

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப் படையின் 92ஆவது ஆண்டு விழாவுக்காகச் சென்னை மெரினாவில் நடந்த வான் சாகச நிகழ்ச்சிக்கு நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸ்காரர் பஸ் விட்டார். ஆளுக்கு 3,200 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் வடசேரியில் ஏறி, ஞாயிறு காலை சென்னையில் இறங்கி, நிகழ்ச்சி பார்த்துவிட்டுத் திங்கள் காலை திரும்ப ஊர். ராத்திரிச் சாப்பாடு, காலையில் குளித்து உடை மாற்ற லாட்ஜ், டிபன், மதியத்துக்குப் பொட்டலச் சோறு, குடும்பத்துக்கு ஒரு பைனாகுலர், "நல்ல இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வசதி". நோட்டீஸில் போட்டிருந்தது இவ்வளவும். நான், மருமகள், ஏழு வயதுப் பேரன் என்று மூன்று பேருக்கு 9,600 ரூபாய் கட்டினேன். மகன் வளைகுடாவில் இருக்கிறான்.

டிராவல்ஸின் பெயரை எழுதப் போவதில்லை. நம் மாவட்டத்தில் இந்த மாதிரிப் பயணம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போவது அவர்கள் எல்லோருக்கும் வேண்டியதுதான். பணம் கட்டிப் போகிற குடும்பங்களுக்கு அதைவிட அதிகமாக வேண்டியது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் விமானப் படையில் இருபது வருடம் இருந்தவன். பைலட் இல்லை, ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். சக்கரம், பிரேக், ஹைட்ராலிக் குழாய், இறக்கையில் அசைகிற பாகங்கள் என்று விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலை. தாம்பரத்திலும் கர்நாடகத்துப் பீதரிலும் கிரண் என்ற பயிற்சி விமானங்களில் கை வைத்திருக்கிறேன். 1996இல் விமானப் படையின் சாகச அணியான சூர்யகிரண் தொடங்கியபோது பீதரில்தான் இருந்தேன். அதனால் சாகசம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அதுவரை நான் பார்த்ததெல்லாம் ஓடுதளத்துப் பக்கம் நின்று, ஹேங்கர் நிழலில். கூட்டத்தில் ஒருவனாகப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. இரண்டு டிரைவர்கள், மாறி மாறி ஓட்டினார்கள். படம் போட்டுக் காதைக் கிழிக்கவில்லை. பெண்கள் இறங்குவதற்கு மூன்று இடத்தில் நிறுத்தினார்கள், மூன்றுமே விளக்கு வெளிச்சம் உள்ள, தண்ணீர் வருகிற கழிப்பறைகள். இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள், அவள் அப்படி லேசில் சொல்லமாட்டாள். கயத்தாறு தாண்டிச் சப்பாத்தி குருமா. ராத்திரி நன்றாகத் தூங்கினோம். விடிவதற்குள் சென்னை வந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் லாட்ஜ், நாற்பது பேருக்கு நான்கு அறை. வரிசையில் நின்று குளித்தோம், ஆனால் தண்ணீர் தாராளமாக வந்தது. இட்லி சூடாக இருந்தது. கடற்கரைக்கு நடந்துபோகிற தூரத்தில் லாட்ஜ் பிடித்தது பெரிய உபகாரம். இந்தப் பகுதிக்கு நான் முழு மார்க் கொடுப்பேன்.

எட்டு மணிக்கு முன்பே மணலுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நிகழ்ச்சி 11 மணிக்கு. கூட வந்த பையன், அவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல சுறுசுறுப்பு, எங்களை நேராக அலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தான். "முன்னாடி இடம், யாரும் மறைக்கமாட்டாங்க" என்றான். அவன் மனதார நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். ஆனால் அன்றைக்குக் கெட்டதில் பாதி அந்த இடத்தால் வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

விமான சாகசம் நாடகக் கொட்டகை மாதிரி அல்ல. முன்வரிசை, பின்வரிசை என்று கிடையாது. மேடை வானத்தில் இருக்கிறது, அதுவும் வேண்டுமென்றே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. 1988இல் ஜெர்மனியில் ராம்ஸ்டைன் என்ற இடத்தில் ஒரு சாகசத்தின்போது மூன்று விமானங்கள் மோதி, ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து, 70 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தை நோக்கி வந்து சாகசம் செய்யக் கூடாது, கூட்டத்தின் ஓரத்துக்கு இணையாகத் தள்ளிப் பறக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இறுகிவிட்டன. மெரினாவில் விமானங்களுக்கான இடம் கடலுக்கு மேல். அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் தள்ளி நடக்கிற காட்சியை நூறு மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்து பார்த்தால் என்ன கூடுதலாகத் தெரியும்? ஒன்றும் தெரியாது. அலை ஓரத்தில் உட்கார்ந்ததால் நாங்கள் இழந்ததுதான் அதிகம். நிழல் இல்லை. பின்னால் லட்சக்கணக்கான பேர் வந்து சேர்ந்ததும் வெளியே போக வழியில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கூட்டம் முழுவதையும் கடக்க வேண்டும், போனால் திரும்ப அதே இடத்துக்கு வர முடியாது. மருமகள் காலையில் அரை டம்ளர் தண்ணீர்தான் குடித்தாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கழிப்பறைக்குப் பயந்து குடிக்கவில்லை. எங்கள் பஸ்ஸில் வந்த பெண்களில் பல பேர் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள். அந்த வெயிலில் அது எவ்வளவு ஆபத்து!

உட்கார வேண்டிய இடம் சாலைப் பக்கத்து ஓரம். முதுகுக்குப் பின்னால் மரமோ சுவரோ இருக்க வேண்டும், எழுந்தால் பத்து நிமிடத்தில் ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட வேண்டும். வானம் அங்கிருந்தும் இதே வானம்தான்.

வெயிலைப் பற்றி. மெரினா கிழக்கே பார்த்த கடற்கரை. அக்டோபர் முதல் வாரத்தில் பதினோரு மணியிலிருந்து ஒரு மணிவரை என்றால் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில், சற்றே தெற்கே சாய்ந்து நிற்கும். அண்ணாந்து பார்க்கிற நிகழ்ச்சிக்கு இது கஷ்டமான நேரம். தெற்கிலிருந்து வந்த விமானங்கள் வெளிச்சத்துக்குள்ளிருந்துதான் வெளிப்பட்டன, பக்கத்தில் வரும்வரை கண் கூசியது. கீழே மணலும் தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும், தொப்பி போட்டாலும் முகம் எரியும். நம் ஊர்க்காரர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் சங்குமுகம் நமக்கு எழுபது கிலோமீட்டர்தான், அங்கே எப்போதாவது சாகசம் நடந்தால் நம்மில் பாதிப் பேர் போவோம். அது மேற்கே பார்த்த கடற்கரை. சாயங்கால நிகழ்ச்சி என்றால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். கூலிங்கிளாஸ் அங்கே கட்டாயம்.

குடை கொண்டு வரச் சொல்லி டிராவல்ஸ்காரர் சொல்லவே இல்லை. பாதிப் பேரிடம் குடை இல்லை. இருந்தவர்கள் விரித்தால் பின்னால் இருப்பவர்கள் "மடக்கு, மடக்கு" என்று சத்தம் போட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. காத்திருக்கிற மூன்று மணி நேரமும் குடை, விமானம் வந்ததும் தொப்பி, இதுதான் வழி. எங்களோடு முட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபது தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் கடலில் தொழில் செய்தவர். அகலமான பனையோலைத் தொப்பி, நனைத்துப் பிழிந்த தோர்த்து ஒன்று கழுத்தில், கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அதில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், உரித்த சின்ன வெங்காயம் மிதக்கிறது. லாட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்கி நிரப்பியிருக்கிறார். எங்களுக்கெல்லாம் வண்டியில் கொடுத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்றுதான். அதைப் பத்து மணிக்கே முடித்துவிட்டோம்.

பன்னிரண்டரைக்குப் பேரன் முகம் வெளுத்தது. "தாத்தா, தலை சுத்துது" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. பெரியவர்தான் அவனைத் தன் நிழலில் இழுத்து உட்காரவைத்து, தோர்த்தைத் தலையில் போட்டு, கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். "தாகம் எடுக்கதுக்கு முன்னால குடிக்கணும் தம்பி. எடுத்த பெறவு குடிச்சா அது மருந்து" என்றார் என்னிடம். இருபது வருடம் சீருடையில் இருந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பையன் கால் மணி நேரத்தில் தெளிந்தான். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

சரி, நிகழ்ச்சிக்கு வருவோம். பறந்ததில் குறை சொல்ல என்னால் ஒன்றும் முடியாது. 72 விமானங்கள். ஆகாஷ் கங்கா வீரர்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். ரஃபேல், சுகோய், தேஜஸ், மிராஜ், ஜாகுவார் என்று போர் விமானங்கள் எல்லாம் வந்தன. சுகோய் 30 ஒரு படைப்பிரிவு 2020இலிருந்து தஞ்சாவூரில் இருக்கிறது, தேஜஸுக்குச் சூலூர்தான் வீடு. இதெல்லாம் நம் மாநிலத்து வானத்தில் தினமும் பறக்கிறவை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னேன், அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

இங்கேதான் இந்தப் பயணத்தில் இருந்த பெரிய ஓட்டை எனக்குத் தெரிந்தது. நாங்கள் இருந்த இடத்தில் அலைச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல், காற்று. ஒலிபெருக்கியில் சொன்னது துண்டு துண்டாகத்தான் காதில் விழுந்தது. என்ன விமானம், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லையென்றால் சாகசம் வெறும் சத்தமும் புள்ளியுமாகப் போய்விடும். பேரனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த மார்த்தாண்டம் குடும்பம் காதைக் கொடுத்தது. அப்புறம் பஸ்ஸில் வந்தவர்களில் பாதிப் பேர் என்னைச் சுற்றி வந்துவிட்டார்கள். தொண்டை கட்டும்வரை பேசினேன். நம் மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் இல்லாத ஊர் உண்டா? ஒருவருக்குப் பஸ்ஸில் ஒரு சீட்டை இலவசமாகக் கொடுத்து, ராத்திரி ஒரு அரைமணி நேரம் மைக்கில் பேசவிட்டால் போதும். மறுநாள் பார்க்கிறவர்களின் கண்ணே வேறாக இருக்கும். இதற்கு டிராவல்ஸ்காரருக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நான் பேரனுக்குச் சொன்னதில் முக்கியமானது ஒன்று. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் அந்த மூன்று விநாடியில் முக்கால் கிலோமீட்டர் போய்விடும். ஆகவே சத்தம் கேட்ட இடத்தைப் பார்த்தால் அங்கே வெறும் வானம்தான் இருக்கும். விமானம் போகிற திசையில் அதற்கு முன்னால் தேட வேண்டும். கூட்டம் முழுவதும் தலையைத் தப்பான பக்கம் திருப்பிக்கொண்டிருக்க, ஏழு வயதுப் பயல் "அங்க பாருங்க தாத்தா" என்று சரியாகக் கை நீட்டினான். அன்றைக்கு எனக்கு வேறு என்ன வேண்டும்?

டகோட்டா வந்தபோது கூட்டம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இரண்டு புரொப்பல்லர் உள்ள பழைய விமானம், மெதுவாகத்தான் போகும். போர் விமானங்களுக்காகக் காத்திருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: 1947 அக்டோபர் 27 அன்று முதல் படைவீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியது இந்த வகை விமானம்தான், அன்றைக்கு அது போய்ச் சேராவிட்டால் காஷ்மீரின் கதையே வேறு. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் போனை இறக்கிவிட்டு, அது கண்ணை விட்டு மறையும்வரை நின்று பார்த்தாள்.

பைனாகுலரைப் பற்றி எழுதாமல் விட முடியாது, அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள். கொடுத்தது 20 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று மேலே எழுதிய ஒன்று. கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள், "இருபது மடங்கு, முப்பது மடங்கு" என்று விற்பார்கள். நின்ற இடத்திலிருந்து விவேகானந்தர் பாறையைப் பார்க்க அது போதும். விமானத்துக்கு உதவாது. மடங்கு கூடக்கூட, தெரிகிற வட்டம் சுருங்கும், கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். 20 மடங்கில் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஐம்பது மீட்டர் அகலம்தான் தெரியும். அதற்குள் விமானத்தைப் பிடிப்பதற்குள் அது போயே போய்விடும். நான் கொண்டுபோனது 8 மடங்கு, முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் அகலம். அதில் அதே தூரத்தில் நூற்றிருபது மீட்டர் அளவுக்குத் தெரியும், ஒரு அணிவகுப்பு முழுவதும் உள்ளே அடங்கும். 7 அல்லது 8 மடங்குக்கு மேல் யாரும் வாங்க வேண்டாம். வேகமாகக் குறுக்கே பாய்கிற போர் விமானத்துக்கு அதுவும் வேண்டாம், வெறும் கண்தான் நல்லது. பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு சூரியன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். எங்கள் பஸ்ஸில் யாரும் அதைச் சொல்லவில்லை.

காது. எனக்கு இடது காதில் ராப்பகலாக ஒரு ரீங்காரம் உண்டு, வேலை கொடுத்தது. அதனால் பேரனுக்கு நாகர்கோவிலில் ஒரு ஹார்டுவேர் கடையில் பஞ்சு போன்ற காதடைப்பான் வாங்கியிருந்தேன், சில்லறைக் காசுதான். விரலால் நன்றாக உருட்டி மெலிதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். சும்மா சொருகினால் பயனில்லை. ஆஃப்டர்பர்னர் போட்டு, அதாவது எஞ்சினின் பின்பக்கம் கூடுதலாக எரிபொருளை எரித்து வேகம் கூட்டி, செங்குத்தாக ஏறுகிற போர் விமானத்தின் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கும், கைக்குழந்தைகள் வீரிட்டு அழுதன. ஒரு அம்மா முந்தானையால் குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நிகழ்ச்சி முழுக்கத் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். என்னிடம் மிச்சம் இருந்த ஒரு ஜோடியைக் கொடுத்தேன், ஆனால் அது அவள் காதுக்குத்தான் பொருந்தும், குழந்தைக்கு அல்ல. சின்னக் குழந்தைக்குத் தலையோடு மாட்டுகிற மூடிதான் சரி, அது இல்லையென்றால் குழந்தையைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது.

சூர்யகிரண் வந்ததும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஒன்பது ஹாக் விமானங்கள், சிவப்பும் வெள்ளையும். நான் இருந்த காலத்தில் அது கிரண். 2011இல் பயிற்சிக்கு விமானம் போதாமல் அணியை நிறுத்தினார்கள், 2015இல் ஹாக்கோடு திரும்ப வந்தது. ஒவ்வொரு விமானத்துக்கும் பக்கத்து விமானத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மீட்டர்தான். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரே பொருள் மாதிரித் தெரியும். எனக்கு அதில் ஒன்பது ஆளும், அவர்களுக்குக் கீழே தரையில் விடியற்காலையிலிருந்து கிரீஸ் கையோடு நிற்கிற ஆட்களும் தெரிந்தார்கள். வால் பக்கத்தில் வருகிற வெள்ளைப் புகை எப்படி என்று பேரன் கேட்டான். எண்ணெயைச் சூடான புகைபோக்கிக் காற்றில் பீச்சினால் அது ஆவியாகிப் புகையாக நிற்கும் என்று சொன்னேன், குரல் சரியாக வரவில்லை. இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கிற காட்சியை ரசிக்க ஒரு வழி உண்டு. இரண்டையும் பார்க்க முயற்சி செய்யாமல் ஒன்றை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டே வாருங்கள், மற்றது தானாக வந்து குறுக்கே பாயும். மருமகள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போட்டுப் பார்த்தால் நீல வானத்தில் கடுகு. இதை நேரில் பார்த்துவிடுவதே மேல்.

போனைச் சொன்னதும் இன்னொன்று. "தவறிப்போனால் எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லியிருந்தான் கூட வந்த பையன். அவ்வளவு கூட்டத்தில் போன் எங்கே கிடைக்கும்? மார்த்தாண்டத்து அம்மா ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் குடும்பத்தைப் பிரிந்து தவித்தார். கிளம்பும்போதே இன்ன இடத்தில், இன்ன மணிக்கு என்று பேசி வைத்திருக்க வேண்டும். திருவிழாவுக்குப் போனால் நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. செய்தியில் 15 லட்சம் பேர் என்று சொன்னார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அப்போதுதான் பையன் சொல்கிறான், பஸ் எழும்பூர்ப் பக்கம் நிற்கிறது, இங்கே வர முடியாது, நடந்துதான் போக வேண்டும் என்று. நான்கு கிலோமீட்டருக்கு மேல். உச்சி வெயில், தண்ணீர் இல்லை, பேரன் என் தோளில். மணலைக் கடந்து சாலைக்கு வரவே முக்கால் மணி நேரம் ஆனது. வழியில் கடைகளில் தண்ணீர் பாட்டில் தீர்ந்துவிட்டிருந்தது. திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில், ஒரு வீட்டு அம்மா வாசலில் குடத்தை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தார். மருமகள் மூன்று சொம்பு குடித்தாள். காலையில் நாங்கள் குளித்த லாட்ஜ் அங்கேயே பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அறையைப் பத்து மணிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அந்த நான்கு அறையைச் சாயங்காலம்வரை வைத்திருந்தால் என்ன கூடுதல் செலவு வந்திருக்கும்? ஆளுக்கு இன்னும் நூறோ இருநூறோ கேட்டிருந்தால் நாற்பது பேரும் கொடுத்திருப்போம். நிழலில் மூன்று மணி நேரம் படுத்திருந்துவிட்டு, கூட்டம் வடிந்தபின் நிதானமாகப் போயிருப்போம். இந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் ஆறாத குறை இதுதான்.

பஸ்ஸை அடைந்தபோது மணி நாலு. மதியத்துக்கான எலுமிச்சைச் சோறு காலையிலிருந்து பஸ்ஸுக்குள் பூட்டிய வெயிலில் இருந்து வாடை வந்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. மருமகள் வீட்டிலிருந்து கொண்டு வந்த முந்திரிக்கொத்தும் மட்டிப் பழமும் எங்கள் பக்கத்து நாலு வரிசைக்குப் பகிர்ந்தோம்.

திண்டிவனம் தாண்டியதும் யாரோ போனில் செய்தியைச் சத்தமாகப் படித்தார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களில் சிலர் வெயில் தாங்காமல் இறந்துவிட்டார்கள் என்று. மறுநாள் அது ஐந்து பேர் என்று ஆனது. பஸ்ஸில் பேச்சு நின்றுவிட்டது. பேரன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். முட்டத்துப் பெரியவர் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பேரும் எங்களைப் போலவே, வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு விமானம் பார்க்க வந்தவர்கள்தானே. வடசேரியில் இறங்கும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து டிராவல்ஸ்காரரே போன் செய்து பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "அவ்வளவு கூட்டம் வரும்னு யாரு சார் நெனச்சா?" என்றார். அது நியாயமான பேச்சுதான். ஆனால் வெயில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குடையும் தொப்பியும் கொண்டு வரச் சொல்லி முதல் நாளே ஒரு வார்த்தை, சாயங்காலம்வரை அறை. இதற்குக் கூட்டக் கணக்கு எதற்கு? அறுபது வயது தாண்டியவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்காக அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு முன் சில நாள் அதே இடத்தில் ஒத்திகை நடக்கும். அதே விமானங்கள், அதே வானம், கூட்டம் அதில் ஒரு துளி. அந்த நாளுக்கு ஒரு சின்ன வேன் விடலாம். அவர் எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன், நடுவில் "ஒரு நிமிஷம் சார், பேனா எடுத்துக்கிடுதேன்" என்றார். பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பஸ்ஸுக்கும் டிரைவர்களுக்கும் ஐந்துக்கு ஐந்து. கடற்கரையில் செய்துகொடுத்ததற்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் காலையில் குளிக்கக் கிடைத்த தண்ணீருக்காக.

இப்போது மறுபடியும் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள், தென்மாநிலங்களில் அடுத்து எங்கே வான் சாகசம் நடந்தாலும் கூட்டிப்போவோம் என்று. தண்ணீரும் தொப்பியும் அதில் சேர்ந்திருக்கின்றன, பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. பைனாகுலர் அதே இருபது மடங்குதான். பேரன் காதடைப்பானைத் தீப்பெட்டியில் போட்டுப் புத்தகப் பையிலேயே வைத்திருக்கிறான், எப்போது போகிறோம் என்று கேட்கிறான். நிகழ்ச்சி முடிந்ததும் பஸ் எங்கே நிற்கும், அறை எத்தனை மணிவரை என்று அவர்களுக்குப் போன் செய்து கேட்டேன். "பாத்துச் சொல்லுதேன் சார்" என்றிருக்கிறார். பதில் வந்ததும் மூன்று சீட்டுக்குப் பணம் கட்டுவேன். முட்டத்துப் பெரியவரும் வருவதாக இருந்தால் நான்கு.